வித்தியாசமான ஒரு குழந்தையைப் பற்றிச் சிறுவர் கதை எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

அன்பாக இரு, யாரையும் கேலி செய்யாதே என்று சொல்லும் கதைகள் ஏராளமாக இருக்கின்றன. குழந்தை அதைக் கேட்டுவிட்டுச் சரி என்று தலையாட்டும், எழுந்து விளையாடப் போகும், மைதானத்தில் திக்கிப் பேசும் பையனைப் பார்த்ததும் மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்கும். குழந்தை கெட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அது கேட்ட கதையில் திக்கிப் பேசும் பையன் ஒரு ஆளாகவே இருந்திருக்க மாட்டான். மற்றவர்களுக்குப் பாடம் எழுத ஒரு கரும்பலகை தேவைப்பட்டது, அவனைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார்கள்.

இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்லப்போவது ஒன்றுதான்: வித்தியாசமான குழந்தைக்கு அவனுக்கே அவனுக்கான ஒரு கதையைக் கொடுங்கள். அன்பு அந்தக் கதைக்குள் நடக்கட்டும். சொந்தக் குழந்தைக்காக ஒரு கதை கட்டுகிற பெற்றோர், வகுப்புக்கு எழுதுகிற ஆசிரியர், முதல் புத்தகத்துக்கு முயற்சி செய்பவர் என யாராக இருந்தாலும் இந்த வரிசையில் போகலாம். பேச்சு காற்றில் நிற்கக் கூடாது என்பதற்காக ஒரு கதையையும் கூடவே கட்டிக்கொண்டு போவோம்.

முதலில் வயதையும் நீளத்தையும் முடிவு செய்யுங்கள்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 3 முதல் 6 வயதுக்கு என்றால் படக்கதை. அச்சில் வரும் படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம் இருக்கும், ஏனென்றால் பெரிய தாளை மடித்து வெட்டும்போது பக்கங்கள் 8, 16 என்ற மடங்குகளில்தான் வரும். தலைப்பு, பதிப்பு விவரம் எல்லாம் போக, கதைக்கு 12 முதல் 14 விரிபக்கங்கள் (புத்தகத்தை விரித்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம் சேர்ந்தது ஒரு விரிபக்கம்) மிஞ்சும். அதில் ஒரு ஆசை, ஒரு சிக்கல், ஒரு செயல் இவ்வளவுக்குத்தான் இடம். தமிழில் 300, 400 சொற்களே போதும், நம் சொற்கள் ஒவ்வொன்றும் நிறையச் சுமக்கும். 6 முதல் 9 வயதுக்குச் சின்னச் சின்ன அத்தியாயங்களாகப் போகலாம். 9 வயதுக்கு மேல்தான் கூட்டத்தோடு சேர்ந்து சிரிக்கும் கட்டாயம், பார்த்துக்கொண்டு சும்மா நின்றவனின் குற்ற உணர்வு மாதிரியான கனமான விஷயங்கள் எடுபடும்.

"சின்னக் குழந்தைகளுக்கு வித்தியாசமே தெரியாது, நாமே ஏன் சொல்லிக் கொடுக்க வேண்டும்?" என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். தெரியும். மூன்று மாதக் குழந்தையே தன்னைச் சுற்றி வழக்கமாகப் பார்க்கும் இனத்து முகங்களை மற்ற முகங்களைவிட அதிக நேரம் பார்க்கிறது என்று 2005இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அது வெறுப்பு இல்லை, பழக்கம். ஆனால் வித்தியாசம் கண்ணில் படுகிறது. பட்டதற்கு என்ன பெயர் வைப்பது, அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதைத்தான் பிறகு நம்மிடமிருந்து கற்றுக்கொள்கிறது. நாம் பேசாமல் விட்டால் மைதானம் கற்றுக்கொடுக்கும்.

ஆசையில் தொடங்குங்கள், குறையில் தொடங்க வேண்டாம்

வெள்ளைத்தாளை எடுத்ததும் பலர் எழுதும் முதல் வரி "காது கேளாத சிறுமியைப் பற்றி ஒரு கதை" என்று இருக்கும். அங்கேயே கதை பாதி செத்துவிடுகிறது. காது கேளாமை கதை ஆகாது. அந்தச் சிறுமிக்கு இன்றைக்கு என்ன வேண்டும்? அதுதான் கதை.

நம் பையனுக்குக் கவின் என்று பெயர் வைப்போம். எட்டு வயது, திக்கிப் பேசுவான். அவன் ஆசை என்ன? "திக்காமல் பேச வேண்டும்" என்று உடனே தோன்றும். வேண்டாம், அது நம்முடைய ஆசை. கவின் ஒரு பழைய சுவரின் பொந்தில் ஆந்தைக் குஞ்சு ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறான். சிறகு முளைத்துவிட்டது, இன்னும் இரண்டு மூன்று நாளில் பறந்துவிடும். அதற்குள் யாராவது ஒருவருக்குக் காட்டிவிட வேண்டும். எந்தக் குழந்தைக்கும் புரிகிற ஆசை, அதில் ஒரு அவசரமும் இருக்கிறது. திக்கல் இந்த ஆசையின் வழியில் குறுக்கே வரும், போகும்.

உங்கள் கதையைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அந்த வித்தியாசத்தைக் கதையிலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள். குழந்தைக்கு விரும்புவதற்கும் கோபப்படுவதற்கும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? இல்லை என்றால் இன்னும் நீங்கள் ஒரு ஆளைப் படைக்கவில்லை.

அந்த வாழ்க்கையை உள்ளிருந்து தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே நேரம் செலவழியுங்கள், நான் சொல்வதில் மிக முக்கியமான படி இதுதான். மருத்துவ விளக்கத்தை மட்டும் படித்துவிட்டு எழுதினால் கதாபாத்திரம் நோய்க்குறிப்பு மாதிரி நடமாடும். உங்களுக்கு வேண்டியது அன்றாடம்.

திக்கலையே எடுத்துக்கொள்வோம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு "க... க... க..." என்று ஒலி திரும்பத் திரும்ப வருவதுதான் திக்கல். உண்மையில் ஒலி இழுபடுவதும் உண்டு, வாய் திறந்தபடியே சத்தமே வராமல் அடைத்துக்கொள்வதும் உண்டு. பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்குகிறது, பல குழந்தைகளுக்குத் தானாகவே போய்விடுகிறது, பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் போலத் திக்கிப் பேசுகிறார்கள். பயந்த சுபாவத்தால் வருவது கிடையாது. பாடும்போதும், பலரோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போதும், தனியாக இருந்து பேசும்போதும் பெரும்பாலும் திக்குவதில்லை. ஒரு நாள் தடையில்லாமல் வரும், அடுத்த நாள் வராது. "மெதுவாகப் பேசு, மூச்சை இழுத்து விடு" என்று அன்பாகச் சொல்வார்கள். கேட்பவனுக்கு அது உதவுவதைவிடத் தன்னைக் கவனிக்கிறார்கள் என்ற பதற்றத்தைக் கூட்டவே செய்யும்.

இதெல்லாம் தகவல். இதற்கு அடுத்த அடுக்கு ஒன்று இருக்கிறது, கதை அங்கேதான் கிடைக்கும். திக்கிப் பேசும் பலர் கஷ்டமான சொல் வரப்போகிறது என்று முன்னாலேயே தெரிந்துகொண்டு வேறு சொல்லுக்குத் தாவிவிடுவார்கள். நூலகத்தில் தனக்கு வேண்டிய புத்தகத்தின் பெயர் வாயில் வராது என்பதால், பெயர் சுலபமாக வரும் வேறொன்றைக் கேட்டு வாங்கிவருவார்கள். எல்லாச் சொல்லையும் மாற்றலாம், சொந்தப் பெயரை மட்டும் மாற்ற முடியாது, அதனால்தான் பலருக்குத் தன் பெயரே மிகக் கடினமான சொல்லாக இருக்கிறது. அவசரத்தில் வேறு பெயரைச் சொல்லிவிடுபவர்களும் உண்டு.

பாருங்கள், கதை வந்துவிட்டது. புதிதாக வந்த மீனா பெயர் கேட்கிறாள். "க" வரவில்லை. வாய் அடைத்துக்கொள்கிறது. அவள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். "அருண்" என்று சொல்லிவிடுகிறான் கவின், ஏனென்றால் "அ" சுலபமாக வருகிறது. அடுத்த நாள் அவள் தூரத்திலிருந்தே "அருண்!" என்று கூப்பிடுகிறாள். "யாரு அருண்? அவன் பேரு கவின்" என்கிறார்கள் மற்றவர்கள். இப்போது அவனுக்கு ஆந்தைக் குஞ்சைக் காட்ட வேண்டும், அவளோ "பேருலயே பொய் சொன்னவன், ஆந்தை இருக்குன்னு சொன்னா எப்படி நம்புறது?" என்கிறாள். அவள் கேட்பதும் நியாயம்தான். இதில் வில்லனே தேவைப்படவில்லை. அன்றாடத்தைத் தெரிந்துகொண்டால் கதைத் திருப்பம் தானாகக் கிடைக்கும், உட்கார்ந்து புனைய வேண்டியதில்லை.

நீங்கள் எடுக்கும் வித்தியாசம் வேறாக இருக்கலாம், தேடும் முறை இதேதான். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் குழந்தைக்குப் "படம்", "மடம்" இரண்டும் உதட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும். பேசுபவர் சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் இருட்டாகிவிடும், ஒன்றும் புரியாது. காதுக்கருவி போட்டுவிட்டால் எல்லாம் சரி என்று நினைக்கிறோம், கருவி கூச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். சக்கர நாற்காலியில் இருப்பவரைக் கேட்காமல் பின்னாலிருந்து தள்ளுவது, முன்பின் தெரியாத ஒருவர் நம்மைத் திடீரென்று தூக்கிக்கொண்டு போவதற்குச் சமம். இவை ஒவ்வொன்றிலும் ஒரு காட்சி இருக்கிறது.

எங்கே தேடுவது? அந்த வாழ்க்கையை வாழ்கிறவர்கள் தாங்களே எழுதியது, பேசியது ஆகியவற்றில் தொடங்குங்கள். பெற்றோரும் மருத்துவரும் சொல்வதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம், அவர்கள் பார்ப்பது வேறு பக்கத்திலிருந்து. அப்புறம், ஒருவரைப் படித்துவிட்டு எல்லோரும் இப்படித்தான் என்று முடிவு கட்டாதீர்கள். ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தைக்குச் சத்தம் பொறுக்காது, இன்னொன்று தானே சத்தம் போட்டு மகிழும்.

யார் கண் வழியாகக் கதை நகர்கிறது?

1990இல் ருடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கக் கல்வியாளர் புத்தகங்களைக் கண்ணாடி, சன்னல், தள்ளித் திறக்கும் கண்ணாடிக் கதவு என்று மூன்றாகச் சொன்னார். தன்னைப் பார்த்துக்கொள்ளக் கண்ணாடி, பிறரைப் பார்க்கச் சன்னல், அவர் உலகத்துக்குள் நுழையக் கதவு. சிறுவர் இலக்கியத்தில் இந்த உவமையை இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், பயன்படுத்தத் தகுந்ததுதான்.

நம் சிக்கல் என்னவென்றால், அன்பைப் பற்றிய கதைகளில் பெரும்பாலானவை வெறும் சன்னல்கள். மீனா போன்ற ஒரு குழந்தை கவின் போன்ற ஒரு குழந்தையைப் பார்த்து, இரங்கி, நல்லவளாகிறாள். வகுப்பில் திக்கிப் பேசும் குழந்தை ஒன்று இருந்தால் அந்தக் கதையில் தன்னை எங்கே தேடும்? பிறர் நல்லவராவதற்கு உதவும் பொருளாகத்தான் தன்னைக் காணும். ஆகவே கவின் கண் வழியாக எழுதிப் பாருங்கள். அந்த வாழ்க்கை உங்களுக்குப் போதுமான அளவு நெருக்கமில்லை என்று மனம் சொன்னால் மீனா கண் வழியாகவே எழுதுங்கள், அது தவறில்லை. ஆனால் முடிவெடுக்கும் உரிமை கவினுக்கும் இருக்கட்டும். குஞ்சைக் கண்டுபிடித்தது அவன், காட்டுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பதும் அவன்.

கதைப்போக்கில் விழக்கூடிய குழிகள்

நல்ல மனசோடு எழுதுகிறவர்களும் விழுகிற குழிகள் இவை.

முதல் குழி, கடைசிப் பக்கத்தில் வித்தியாசம் மறைந்துபோவது. எல்லோரும் அன்பு காட்டியதும் கவினுக்குத் திக்கல் போய்விடுகிறது, கைதட்டுகிறார்கள். திக்கிப் பேசும் குழந்தை இதைப் படித்துவிட்டு என்ன நினைக்கும்? "எனக்குப் போகவில்லையே, அப்படியென்றால் யாரும் என்மேல் போதுமான அன்பு காட்டவில்லையா?"

இரண்டாவது குழி, பயன்பட்டால்தான் ஏற்பார்கள் என்பது. 1939இல் அமெரிக்காவில் ஒரு கடை நிறுவனம் இலவசமாகக் கொடுத்த சிறு புத்தகத்தில் சிவந்த மூக்குள்ள கலைமான் ருடால்ஃப் பிறந்தது. மற்ற மான்கள் அதைக் கேலி செய்கின்றன. மூடுபனி இரவில் அந்த மூக்கின் வெளிச்சம் தேவைப்பட்டதும் கொண்டாடுகின்றன. பனி இல்லாத இரவாக இருந்திருந்தால்? கணக்கில் மேதை, ஓவியத்தில் மேதை என்று வித்தியாசமான குழந்தைக்கு ஒரு சிறப்புத் திறமை கொடுத்து ஈடுகட்டும் கதைகள் எல்லாம் இதே வகைதான். சாதாரணமாகப் படிக்கிற, சாதாரணமாக வரைகிற திக்குவாய்ப் பையனுக்கு நண்பன் கிடைக்கக் கூடாதா?

மூன்றாவது, மாறியதும் ஏற்பது. ஆண்டர்சன் 1843இல் எழுதிய அழகற்ற வாத்துக்குஞ்சின் கதையில் அது அன்னமாக வளர்ந்ததும் எல்லோரும் வியக்கிறார்கள். பிறர் ஒதுக்கும் வலியை இவ்வளவு உருக்கமாகச் சொன்ன கதை குறைவு, நானே அதை நேசிக்கிறேன். ஆனாலும் கவனித்துப் பாருங்கள், கொத்தித் துரத்திய வாத்துக்கூட்டம் எதையும் கற்றுக்கொள்ளவே இல்லை. நாம் எழுதப்போகும் கதையில் மாற வேண்டியது குளம்.

நான்காவது, ஊக்கமூட்டும் பொருளாக்குவது. ஸ்டெல்லா யங் என்ற ஆஸ்திரேலிய நகைச்சுவைக் கலைஞர், தாமே சக்கர நாற்காலி பயன்படுத்தியவர், 2014இல் ஒரு மேடைப்பேச்சில் இதை வெளிப்படையாக எதிர்த்தார். வழக்கமான அன்றாட வேலையைச் செய்ததற்காகத் தங்களைப் பாராட்டுவதும், மற்றவர்கள் "நம் நிலைமை இவ்வளவு மோசமில்லை" என்று ஆறுதல் பட்டுக்கொள்ளத் தங்களைப் பயன்படுத்துவதும் மரியாதை ஆகாது என்பதுதான் அவர் வாதம். உங்கள் கதையைப் படித்ததும் குழந்தைக்கு "நல்லவேளை, நான் அப்படி இல்லை" என்று தோன்றினால் திரும்ப எழுதுங்கள்.

கேலி செய்தவனைத் தண்டிக்கும் முடிவையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும். 2014இல் 3 முதல் 7 வயதுக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. பொய் சொன்னவனுக்கு மூக்கு நீளும் கதை, ஓநாய் வருகிறது என்று பொய் சொன்ன சிறுவனின் கதை, உண்மையை ஒப்புக்கொண்டு பாராட்டுப் பெற்ற சிறுவனின் கதை, இப்படி வெவ்வேறு கதைகளைச் சொல்லிப் பார்த்தார்கள். பொய்யைக் குறைத்தது பாராட்டுப் பெற்றவன் கதைதான், தண்டனைக் கதைகள் எந்த மாற்றத்தையும் தரவில்லை. அந்த ஆய்வு நேர்மையைப் பற்றியது என்றாலும் நமக்கும் அதில் செய்தி உண்டு: எதைச் செய்யக் கூடாது என்பதைவிட, செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதைக் காட்டுங்கள்.

அன்பை ஒரு செயலாக எழுதுங்கள்

"மீனா கவினிடம் அன்பாக நடந்துகொண்டாள்" என்ற வரியால் ஒரு குழந்தைக்கு எந்தப் பயனும் இல்லை. அன்பாக நடப்பது என்றால் கையையும் வாயையும் வைத்து என்ன செய்வது? அதைச் சொல்லுங்கள். திக்கிப் பேசுபவரிடம் அன்பு என்பது பெரும்பாலும் ஒரே ஒரு காரியம்தான், காத்திருப்பது. அவர் சொல்லவந்ததை நாம் முடித்துவைக்காமல், கண்ணை விலக்கிக்கொள்ளாமல், அவசரப்படுத்தாமல்.

எனக்கு முதலில் வந்த வரைவு இது:

"கவின் பேசத் தடுமாறினான். மீனாவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. 'பரவாயில்லை கவின், நீ எப்படிப் பேசினாலும் நீ என் நண்பன்' என்றாள் அவள். கவினின் கண்கள் கலங்கின."

எந்தக் குழந்தையும் இப்படிப் பேசாது. மீனா மேலே நிற்கிறாள், கவின் கீழே நிற்கிறான். அவள் சான்றிதழ் கொடுக்கிறாள். இப்படி மாற்றினேன்:

"'என் பேரு...' என்று தொடங்கினான் கவின். அவ்வளவுதான். வாய் திறந்திருந்தது, ஒன்றும் வரவில்லை. மீனாவுக்கு அந்தப் பெயர் தெரியும், எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சுவரில் ஒரு எறும்பு ஊர்ந்து மேலே போனது, ஒரு விரிசலைத் தாண்டியது, இன்னொரு விரிசலையும் தாண்டியது. 'கவின்' என்றான். 'சரி, ஆந்தை எங்கே?' என்றாள் மீனா."

"சரி, ஆந்தை எங்கே" என்பதில் அவள் அவனை நம்பிவிட்டது தெரிகிறது, மன்னித்ததும் தெரிகிறது, அவன் திக்கியது அவளுக்கு ஒரு பெரிய நிகழ்ச்சியாக இல்லை என்பதும் தெரிகிறது. எதையும் சொல்லவில்லை. குழந்தைக்குப் பின்பற்ற ஒன்று கிடைத்துவிட்டது, எறும்பு ஏறுகிற நேரம் வரைக்கும் காத்திருப்பது.

மீனாவை முதலிலேயே தங்கமாக ஆக்கிவிடாதீர்கள். முந்தின காட்சியில் அவன் "ஆ... ஆ..." என்றபோது "ஆடா? ஆமையா?" என்று அவளே ஊகித்து ஊகித்து அவனைச் சோர்வடைய வைக்கட்டும். உதவுவதாக நினைத்துத்தான் செய்கிறாள். வாசிக்கும் குழந்தையும் அதைத்தான் செய்திருக்கும், அதனால் அவளோடு சேர்ந்து அதுவும் திருத்திக்கொள்ளும். அதேபோல் கவினும் எப்போதும் பொறுமையின் உருவமாக இருக்க வேண்டியதில்லை. அவனுக்கும் கோபம் வரட்டும், பொய் சொன்னதற்கு அவனும் மன்னிப்புக் கேட்கட்டும். தப்பு செய்யும் உரிமை இல்லாத பாத்திரத்தை யாரும் நண்பனாக நினைப்பதில்லை.

முடிவில் இருவரும் சுவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். குஞ்சு பயந்துவிடும் என்பதால் யாரும் பேசக் கூடாது. பேச்சே தேவைப்படாத அந்த இடத்தில் கதையை நிறுத்திவிடலாம். கவினுக்கு நாளைக்கும் திக்கும்.

விலங்கா, மனிதரா?

குட்டி யானையையும் முயலையும் வைத்து எழுதினால் யாரையும் புண்படுத்தாமல் இருக்கலாம் என்று தோன்றும். 2017இல் டொரொண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 4 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்குப் பகிர்வதைப் பற்றிய ஒரே கதையை இரண்டு விதமாகப் படித்துக் காட்டினார்கள், ஒன்றில் மனிதர்கள், இன்னொன்றில் சட்டை போட்ட விலங்குகள். அதற்குப் பிறகு, தங்களுக்குக் கிடைத்த ஸ்டிக்கர்களைப் பெயர் தெரியாத இன்னொரு குழந்தைக்குக் கூடுதலாக விட்டுக்கொடுத்தவர்கள் மனிதர்கள் வரும் கதையைக் கேட்டவர்கள். விலங்குக் கதையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், குழந்தைகள் அதை ரசிக்கிறார்கள். ஆனால் நிஜ வாழ்க்கையில் நடந்துகொள்வதைப் பற்றிய கதை என்றால் மனிதக் குழந்தையை வைத்தே எழுதுங்கள். பச்சை முயல், ஊதா முயல் என்று நிறத்தைப் பேசினால் அதை நாம்தான் தோலின் நிறத்தோடு பொருத்திப் பார்க்கிறோம், நாலு வயதுக் குழந்தைக்கு அது வெறும் முயல்.

மொழியைச் சல்லடை போட்டுச் சலியுங்கள்

எழுதி முடித்ததும் இதற்கென்றே ஒரு முழு வாசிப்பு ஒதுக்குங்கள். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே தனியான வேலை இருக்கிறது.

முதலில் "பாவம்" என்ற சொல்லைத் தேடுங்கள். நம் வாயில் மூச்சு மாதிரி வரும் சொல் இது, கீழே விழுந்தவனுக்கும் பாவம், தோற்றவனுக்கும் பாவம். கவினைப் பற்றி மற்றொரு பாத்திரம் சொல்லலாம், ஆனால் கதைசொல்லியின் குரலில் அது வந்தால் வாசிக்கும் குழந்தைக்கு அவன் எங்கே நிற்க வேண்டும் என்று நாம் இடம் காட்டிவிட்டோம் என்று அர்த்தம்.

அடுத்து "இருந்தாலும்", "இல்லாவிட்டாலும்". இதை நான் மிகத் தீவிரமாகச் சொல்கிறேன். "கறுப்பாக இருந்தாலும் களையாக இருப்பாள்", "கால் இல்லாவிட்டாலும் நன்றாகப் படிப்பான்", "திக்கிப் பேசினாலும் நல்லவன்". பாராட்டு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அந்த "ஆலும்" என்ன சொல்கிறது? கறுப்பு என்றால் களை இருக்காது என்பதுதான் இயல்பு, இவள் விதிவிலக்கு என்று சொல்கிறது. மூன்றெழுத்து விகுதிக்குள் முழுத் தப்பெண்ணமும் உட்கார்ந்திருக்கிறது. "கறுப்பாகவும் களையாகவும் இருப்பாள்" என்று மாற்றிப் பாருங்கள், தலைகீழாகிவிடும்.

பிறகு பழமொழிகளும் சொல்வழக்குகளும். செவிடன் காதில் ஊதிய சங்கு, நொண்டிச் சாக்கு, குருட்டு அதிர்ஷ்டம். ஒருபக்கம் ஏற்றுக்கொள்ளச் சொல்லிவிட்டு இன்னொரு பக்கம் உடலின் நிலையை வசவாகப் பயன்படுத்தினால் குழந்தை இரண்டாவதைத்தான் நினைவில் வைக்கும். "சொன்னது காதில் ஏறவில்லை", "சப்பைக் காரணம்", "எதிர்பாராத அதிர்ஷ்டம்" என்று எழுத எத்தனையோ வழி உண்டு.

மரியாதை விகுதியையும் பாருங்கள். கதையில் ஆசிரியர் "வந்தார்", கடைக்காரர் "சொன்னார்", பார்வையற்ற பாட்டுக்காரர் மட்டும் "வந்தான்", "பாடினான்" என்று வருகிறதா? எழுதும்போது நமக்கே தெரியாமல் நடக்கும்.

எந்தப் பெயரால் அழைப்பது என்ற கேள்விக்கு, அவர்கள் தங்களை எப்படி அழைத்துக்கொள்கிறார்களோ அப்படி என்பதே பதில். பொதுவாக மாற்றுத்திறனாளி என்கிறோம், ஆனால் கதைக்குள் எட்டு வயதுக் குழந்தை அந்தச் சொல்லைப் பேசாது. "கவினுக்குச் சில சொற்கள் வர நேரமாகும்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள், குழந்தைக்கு அதுதான் புரியும்.

இன்னொன்று, திக்கலை எழுத்தில் காட்டுவது. கவின் பேசும் ஒவ்வொரு வரியிலும் "நா... நா... நான்" என்று புள்ளி வைத்துக்கொண்டே போகாதீர்கள். வாசிக்கும் குழந்தைக்கு அது வேடிக்கையாகிவிடும், சத்தமாகப் படிக்கும்போது கிண்டல் குரல் தானாக வந்துவிடும். ஒன்றிரண்டு இடத்தில் காட்டினால் போதும். மற்ற இடங்களில் "சொல்லி முடிக்க நேரமானது" என்று எழுதிவிட்டு அவன் சொன்னதை முழுதாகக் கொடுங்கள். அவன் என்ன சொன்னான் என்பதுதான் முக்கியம்.

படங்கள்

நீங்கள் வரையவில்லை என்றால் ஓவியரிடம் இரண்டே விஷயம் கேளுங்கள். கருவிகளை அசல் பார்த்து வரையச் சொல்லுங்கள், ஏனென்றால் பல படங்களில் வருவது மருத்துவமனையில் பிறர் தள்ளும் நாற்காலி, அதில் ஒரு குழந்தை தானே சுற்றித் திரிய முடியாது. பின்னணியில் நிற்கும் குழந்தைகளில் ஒருவர் கண்ணாடியோடும், ஒருவர் காதுக்கருவியோடும், ஒருவர் வேறு நிறத்தோடும் இருக்கட்டும், அதைப் பற்றிக் கதையில் ஒரு சொல்லும் வர வேண்டாம். விளக்கம் இல்லாமல் இருப்பதே அங்கே செய்தி.

அச்சுக்கு முன் யாரிடம் காட்டுவது

அந்த வாழ்க்கையை வாழ்கிற ஒருவரிடம் கட்டாயம் காட்டுங்கள், முடிந்தால் இருவரிடம். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "எந்த இடத்தில் உங்களுக்குப் பொய்யாகப் பட்டது?" என்று கேளுங்கள். அவர்கள் நேரத்துக்குப் பணம் கொடுங்கள், அதுவும் மரியாதையின் ஒரு பகுதிதான். சொன்னது வலித்தால் இரண்டு நாள் கழித்துத் திருத்த உட்காருங்கள், ஆனால் உட்காருங்கள்.

பிறகு குழந்தைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். முகத்தைப் பாருங்கள். எந்த இடத்தில் நெளிகிறார்களோ அங்கே நீங்கள் பிரசங்கம் செய்கிறீர்கள், பெரும்பாலும் கடைசிப் பத்தியில். அதை வெட்டுங்கள்.

கதை முடிந்த பிறகு

கதை தனியாகவே வேலை செய்துவிடும் என்று நம்பியிருந்தேன். ஆய்வுகள் பேச்சும் வேண்டும் என்கின்றன. இத்தாலியில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளோடு ஆறு வாரம் நடந்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. ஹாரி பாட்டர் நாவல்களிலிருந்து, பிறரை இழிவாக நடத்தும் பகுதிகளைப் படித்து அவற்றைப் பற்றிப் பேசிய குழந்தைகளில், ஹாரியோடு தன்னைப் பொருத்திப் பார்த்தவர்களுக்குப் புலம்பெயர்ந்து வந்தவர்கள் மேலிருந்த எண்ணம் மேம்பட்டது. வேறு பகுதிகளைப் படித்துப் பேசியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

பிரிட்டனில் 2006இல் வெளியான இன்னொரு ஆய்வு நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கம். 5 முதல் 10 வயதுக் குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை, ஆறு வாரம், மாற்றுத்திறனாளிக் குழந்தையும் மற்றொரு குழந்தையும் நண்பர்களாக இருக்கும் கதைகளைப் படித்தார்கள். வித்தியாசத்தை ஒதுக்கிவிட்டு ஆளின் குணங்களை மட்டும் பேசிய கதைகளைவிட, நட்பையும் காட்டி வித்தியாசத்தையும் மறைக்காமல் சொன்ன கதைகள்தான் மனப்பான்மையை அதிகம் மாற்றின. "எல்லோரும் ஒன்றுதான்" என்று மூடி மறைப்பதைவிட "இவனுக்குச் சொற்கள் வர நேரமாகும், இவன் என் நண்பன்" என்பது வலுவானது.

பேசும்போது "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள், குழந்தைக்கு உடனே தேர்வு நினைவு வந்துவிடும், உங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லும். "கவின் ஏன் அருண்னு சொன்னான்?" என்று கேளுங்கள். "மீனா இடத்தில் நீ இருந்தா கோபம் வந்திருக்குமா?" என்று கேளுங்கள். வந்திருக்கும் என்றால் அதையும் ஒப்புக்கொள்ளுங்கள். பதிலே வராவிட்டாலும் விடுங்கள், மூன்று நாள் கழித்துக் குளிக்கும்போது தானாகக் கேட்கும்.

சத்தமாகப் படிப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. "என் பேரு..." என்ற இடம் வரும்போது திக்குவது போல நடிக்க வேண்டாம். நிறுத்திவிடுங்கள், அமைதியாக. மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள், எறும்பு இரண்டு விரிசலைத் தாண்டட்டும். முதல் முறை உங்கள் மடியில் இருக்கும் குழந்தை பொறுக்க முடியாமல் "கவின்!" என்று கத்தும். கத்தட்டும். அடுத்த முறை படிக்கும்போது, "இந்தத் தடவை அவனே சொல்றவரைக்கும் இருந்து பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.